கார் புதிது, கையும் புதிது: ஓட்டவும் பராமரிக்கவும் ஒரு வழிகாட்டி

எஞ்சின் பழுதானால் வண்டி நின்றுவிடும். டயரோ பிரேக்கோ பழுதானால் வண்டி நிற்காது. புதிதாகக் கார் ஓட்டத் தொடங்குபவர்கள் எஞ்சின் சத்தம் லேசாக மாறினாலே கவலைப்படுகிறார்கள், பெயின்டில் கீறல் விழுந்தால் பதறுகிறார்கள். நான்கு டயரையும் குனிந்து பார்ப்பதை மட்டும் மாதக்கணக்கில் மறந்துவிடுகிறார்கள். அந்த வரிசையை மாற்றுங்கள். வண்டியை நிறுத்துவதும் திருப்புவதும் முதல் கவனம், சாலையைத் தெளிவாகக் காட்டுவது அடுத்தது. வண்டியை ஓட வைப்பவை அதற்குப் பிறகுதான்.

தொடங்கும் முன் ஒரு வேலை. வண்டியோடு வந்த கையேட்டை ஒருமுறையாவது புரட்டிப் பாருங்கள். எந்த ஆயில், எவ்வளவு, ஜாக்கியை எங்கே வைப்பது, எந்த விளக்குக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அதில் உங்கள் மாடலுக்கென்றே எழுதப்பட்டிருக்கும். இங்கே சொல்லும் அளவுகளும் கையேட்டின் அளவுகளும் வேறுபட்டால் கையேட்டையே நம்புங்கள்.

டயர்

சாலையைத் தொடுவது ஒவ்வொரு டயரிலும் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு ரப்பர்தான். பிரேக் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஸ்டீயரிங் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், அந்த நான்கு திட்டுகளின் பிடிமானத்துக்கு மேல் எதுவும் செய்ய முடியாது.

காற்றழுத்தத்தை மாதம் இருமுறை பாருங்கள், நெடுந்தூரம் கிளம்பும் முன் கட்டாயம் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஓட்டுநர் கதவைத் திறந்தால் அதன் சட்டத்தில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். சில வண்டிகளில் பெட்ரோல் டேங்க் மூடியின் உட்புறம் ஒட்டியிருப்பார்கள். பெரும்பாலான கார்களுக்கு அது 30 முதல் 36 பி.எஸ்.ஐ. வரை இருக்கும். முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு வேறு எண் இருக்கலாம், ஆள் நிறைய ஏற்றும்போது தனி எண்ணும் இருக்கலாம். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்று அடிக்காதீர்கள். அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம் அது. உங்கள் வண்டிக்கு ஏற்ற அளவு அல்ல.

அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதுதான் அளக்க வேண்டும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும், அல்லது இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஓடியிருக்கக் கூடாது. ஓடிச் சூடான டயர் சில பி.எஸ்.ஐ. கூடுதலாகவே காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், டயர் ஆறியதும் அழுத்தம் தேவைக்குக் கீழே போய்விடும். புதியவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

காற்று குறைந்த டயர் ஏன் வெடிக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் இதில் சோம்பல் வராது. அழுத்தம் குறைந்தால், சக்கரம் சுழலும் ஒவ்வொரு முறையும் பக்கச் சுவர் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்கும் ரப்பர் சூடாகிறது. வேகமும் பாரமும் வெயிலும் சேர்ந்தால் ரப்பருக்கும் உள்ளே இருக்கும் இழைகளுக்கும் இடையிலான பிடிப்பு விட்டுப்போகிறது. மெதுவாக ஊருக்குள் ஓடும்போது தெரியாத குறை, நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் விரட்டியபின் வெளிவருவது இதனால்தான்.

அடுத்து, டயரின் பள்ளங்கள். ஈரச் சாலையில் தண்ணீரை ரப்பருக்கு அடியிலிருந்து வெளியேற்றுவது அவற்றின் வேலை. புது டயரில் பள்ளத்தின் ஆழம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் தெரியும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மீதி ஆழம் 1.6 மி.மீ. மட்டுமே, அந்த டயரின் ஆயுள் முடிந்தது. ஆனால் மழையில் ஓட்டுபவர் அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மி.மீ. எட்டும்போதே மாற்றிவிடுவது நல்லது.

தேய்மானம் எங்கே விழுந்திருக்கிறது என்பதையும் பாருங்கள். இரு ஓரங்களும் தேய்ந்து நடு மட்டும் உயர்ந்திருந்தால் காற்று குறைவாகவே ஓட்டியிருக்கிறீர்கள். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள் ஓரமோ வெளி ஓரமோ ஒன்று மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் தவறியிருக்கிறது. அலை அலையாக, திட்டுத் திட்டாகத் தேய்ந்திருந்தால் ஷாக் அப்சார்பரையும் வீல் பேலன்ஸிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். அலைன்மென்ட், பேலன்ஸிங் இரண்டும் ஒன்றல்ல: முன்னது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது, பின்னது சக்கரத்தைச் சுற்றி எடையைச் சமமாக்குவது. நேர்ச்சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் முதல் சந்தேகம் அலைன்மென்ட் மீது, 80 கி.மீ. வேகத்தை ஒட்டி ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கினால் பேலன்ஸிங் மீது.

பார்க்கப் புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயது உண்டு. பக்கச் சுவரில் ‘டாட்’ (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்புத் தேதி. 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் விவரம் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். பத்து ஆண்டு ஆனதை, பள்ளம் எவ்வளவு இருந்தாலும், கழற்றிவிடுங்கள். டிக்கியில் படுத்திருக்கும் ஸ்டெப்னிக்கும் இதே கணக்குதான், அதிலும் மாதம் ஒருமுறை காற்றுப் பாருங்கள்.

பக்கச் சுவரில் முட்டை போல் புடைப்பு தெரிந்தால் உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. அதற்கு ரிப்பேர் கிடையாது. பக்கச் சுவரில் ஆன பஞ்சரும் அப்படியே. இரண்டு டயர் மட்டும் புதிதாக வாங்கினால், முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தாலும், புதியவற்றைப் பின்னால் போடச் சொல்லுங்கள். ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், வேகத்தைக் குறைத்து மீட்கலாம். பின் டயர் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். அனுபவமில்லாதவர் கையில் அது திரும்ப நிலைக்கு வராது.

பிரேக்

பெடலை மிதித்ததும் பிரேக் ஆயில் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிறது, அங்கே பேடுகள் டிஸ்கைக் கவ்வுகின்றன. பழுது எங்கே என்பதைப் பெடலே பெரும்பாலும் சொல்லிவிடும்.

பெடல் பஞ்சு போல் அமுங்கினால் குழாய்க்குள் காற்றோ ஆவியோ புகுந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது காலை ஒரே அழுத்தத்தில் வைத்திருந்தும் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால் எங்கோ கசிகிறது, அல்லது பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குத் தரும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே விட்டுக்கொடுக்கிறது. இந்த இரண்டாவது அறிகுறி தெரிந்த வண்டியை ஓட்டிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகாதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள். மிதிக்கும்போது பெடல் துடித்தால் டிஸ்க் சீராகத் தேயவில்லை. பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், பேடுகளை அழுத்தும் காலிபர் ஒன்று சிக்கியிருக்கலாம். ஓட்டம் முடிந்ததும் அந்தச் சக்கரத்தின் அருகே மட்டும் வெப்பமும் தீய்ந்த வாடையும் அடிக்கும். தொட்டுப் பார்க்காதீர்கள், டிஸ்க் சுட்டுவிடும்.

பேட் புதிதாக இருக்கும்போது 10 முதல் 12 மி.மீ. தடிமன் இருக்கும். 3 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். பல பேடுகளில் சிறு தகடு ஒன்று வைத்திருப்பார்கள். பேட் தேய்ந்ததும் அது டிஸ்கில் உரசிக் கீச்சென்று கத்தும். அந்தக் கட்டத்தில் மாற்றினால் செலவு பேடோடு முடியும். கீச்சொலி கரகரப்பாக மாறினால் இரும்போடு இரும்பு உரசுகிறது, டிஸ்கும் போகும், வண்டி நிற்கும் தூரமும் நீளும்.

பிரேக் ஆயில் டப்பா பானெட்டுக்குள் ஓட்டுநர் பக்கம் இருக்கும். மட்டம் இரு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று வெளியிலிருந்தே பார்க்கலாம். பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. அதனால் இறங்கியதை நிரப்பி வைப்பதோடு விட்டுவிடாதீர்கள், ஏன் இறங்கியது என்று கேளுங்கள்: பேட் தேய்ந்ததா, கசிகிறதா? திடீரென்று இறங்கினால் கசிவுதான்.

இந்த ஆயிலைப் பற்றி இன்னும் ஒன்று, பலரும் கவனிக்காதது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ‘டாட் 4’ வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கலாம். மலைச்சாலையில் தொடர்ந்து பிரேக் பிடித்து இறங்கும்போது அந்த வெப்பம் வந்துவிடும். ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றச் சொல்வது இதற்காகத்தான். பெயர் ஒத்திருக்கிறதே என்று ‘டாட் 5’ வாங்கி ஊற்றாதீர்கள். அது சிலிக்கோன் வகை, மற்றவற்றோடு கலக்கக் கூடாது.

பானெட்டுக்குள்

எஞ்சின் ஆயிலை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள். சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் ஆயில் கீழே வடிய விடுங்கள். டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, முழுவதும் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். முதல் தடவை உருவியதில் தெரியும் மட்டம் கணக்கில்லை. இரு குறிகளுக்கும் நடுவே இருந்தால் போதும். பெரும்பாலான எஞ்சின்களில் கீழ்க் குறிக்கும் மேல் குறிக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ ஒரு லிட்டர். ஆகவே குறைந்திருந்தால் கால் லிட்டர் ஊற்றி, சற்றுப் பொறுத்து மறுபடி அளந்து, தேவையானால் மேலும் ஊற்றுங்கள். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான்: கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரையால் உராய்வைத் தடுக்க முடியாது.

ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்து மட்டும் பயப்பட வேண்டாம், அழுக்கைத் தன்னிடம் இழுத்துக்கொள்வது அதன் வேலை. பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் கவலை. எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கலக்கிறது என்று அர்த்தம், வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் மாற்றும் கெடு பல வண்டிகளுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓர் ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. குறைவாக ஓட்டுகிறோமே என்று ஆண்டுக் கெடுவைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்தும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. ஈரமும் எரியாத எரிபொருளும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

கூலன்ட் டப்பாவை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் திறவுங்கள். உள்ளே அழுத்தத்தோடு இருப்பதால்தான் அது 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய், அத்தனையும் கொதித்து முகத்தில் பீறிடும். நிரப்பும்போது கையேடு சொல்லும் வகையையே ஊற்றுங்கள். நிறத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். அடர் கூலன்ட் வாங்கினால் வழக்கமாக அதில் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். குழாய்த் தண்ணீரிலுள்ள உப்பு ரேடியேட்டரின் நுண்குழாய்களில் படிந்துவிடும்.

பேட்டரிக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு ஆயுள். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் துடைத்து இறுக்குங்கள். மல்டிமீட்டர் இருந்தால், ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவிலும், எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரையும் காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 வோல்ட் பக்கமே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை, ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள்.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைப்பது உங்கள் எஞ்சினில் டைமிங் பெல்ட்டா, செயினா என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால் கையேட்டில் அதற்கு ஒரு கெடு இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். அது முன்னறிவிப்பு இல்லாமல் அறுகிறது. பல எஞ்சின்களில் அறுந்த நொடியே வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு எஞ்சின் ஆயில் வேலை இல்லை. டயர், பிரேக் ஆயில், வைப்பர், 12 வோல்ட் பேட்டரி எல்லாம் உண்டு. ஆரஞ்சு நிற ஒயர்கள் உயர் மின்னழுத்தம் உள்ளவை. அவற்றில் கை வைக்கவே கூடாது.

உட்காரும் விதம்

இருக்கையைச் சரிசெய்வதை வசதிக்கான வேலை என்று நினைக்கிறார்கள். பாதுகாப்புக்கும் அதுதான் அடிப்படை. கிளட்ச்சை, ஆட்டோமேட்டிக் என்றால் பிரேக்கை, முழுவதும் மிதித்தபோதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். முதுகு இருக்கையில் படிந்திருக்க, கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் உச்சியில் அமர வேண்டும். மார்புக்கும் ஸ்டீயரிங் நடுவுக்கும் குறைந்தது 25 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. தலைசாய்ப்பானின் மேல்விளிம்பு உங்கள் உச்சந்தலை உயரத்தில் இருக்கட்டும், பின்னாலிருந்து யாராவது இடித்தால் கழுத்தைக் காப்பது அதுதான்.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றின் மேல் அல்ல, இடுப்பெலும்பின் மேல் இறுக்கமாகப் போக வேண்டும். மேல்பட்டை தோளின் நடுவே போகட்டும், அக்குளுக்குக் கீழே வேண்டாம். பின்சீட்டில் இருப்பவரும் போட வேண்டும். மோதலில் பெல்ட் இல்லாத பின்சீட்டுக்காரர் முன்சீட்டுக்காரர் மீது முழு வேகத்தில் போய் விழுகிறார். பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்சீட்டில் ஒருபோதும் பொருத்தாதீர்கள்.

ஓட்டுநரின் காலடியில் தண்ணீர் பாட்டில், செருப்பு, கொக்கி மாட்டாத மிதியடி எதுவும் இருக்கக் கூடாது. பிரேக் பெடலுக்கு அடியில் உருண்டுபோன ஒரு பாட்டில் போதும், பெடல் இறங்காது.

ஓட்டும்போது

வேகம் இரட்டிப்பானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். நல்ல டயர், காய்ந்த சாலை, ஆபத்தைக் கண்டு காலை மாற்ற ஒரு நொடி என்று வைத்துக்கொள்வோம். 36 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடியில் 10 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்தபின் 7 மீட்டர், ஆக 17 மீட்டர். 72 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு நொடிக்கே 20 மீட்டர், பிறகு 29 மீட்டர், ஆக 49. ஈரச் சாலையில் இன்னும் நீளும். முன்னால் போகும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் மூன்று நொடி எண்ணுங்கள், அதற்கு முன் நீங்கள் அந்தக் கம்பத்தை எட்டினால் ஒட்டிப் போகிறீர்கள். மழையிலும் இருட்டிலும் அதை ஐந்தாக்குங்கள். இடைவெளியில் இன்னொருவர் நுழைந்தால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி இடைவெளி விடுங்கள். அதனால் பயண நேரம் ஒன்றும் கூடிவிடாது.

அவசரத்தில் பிரேக் பிடிக்கத் தயங்காதீர்கள். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் முழுப் பலத்தோடு மிதித்து, அழுத்தத்தை விடாமல், போக வேண்டிய திசைக்கு ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். பெடல் காலடியில் படபடவென்று அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுத்துவிடுகிறார்கள், எடுக்கக் கூடாது. ஏ.பி.எஸ். வேலை செய்வதன் அடையாளம் அது. ஆளற்ற திடலில் குறைந்த வேகத்தில் ஒருமுறை இதைச் செய்து பழகியிருந்தால் கால் பயப்படாது.

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து வழுக்கும். தேங்கிய நீரில் வேகமாகப் போனால் டயர் நீரின் மேல் மிதக்கும், ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிவிடும். அப்போது பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மட்டும் காலை எடுங்கள். கண்ணாடி உட்புறம் பனித்தால் ஏ.சி.யைப் போட்டு, வெளிக்காற்று உள்ளே வரும்படி மாற்றி, முன்கண்ணாடிக்குத் திருப்புங்கள்.

வெள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரியாவிட்டால் இறங்காதீர்கள். தண்ணீரில் எஞ்சின் அணைந்துவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராட் வளையும். பத்திரமாகக் கடந்து வந்துவிட்டால், மெல்ல ஓட்டிக்கொண்டே பிரேக்கைச் சில முறை லேசாக மிதித்து ஈரத்தைப் போக்குங்கள்.

மலைச்சாலையில் ஏறிய கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் குறைந்த கியரைத் தேர்ந்தெடுக்க வழி இருக்கும். நியூட்ரலில் உருட்டினால் எரிபொருள் மிச்சம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். இன்றைய எஞ்சின்களில் கியரில் இருந்தபடி காலை எடுத்தாலே எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட எரிபொருள் வேண்டியிருக்கிறது, அதோடு வண்டியைப் பிடித்து நிறுத்த பிரேக் ஒன்றே மிஞ்சுகிறது.

ஓட்டும்போது கிளட்ச் மேல் கால் வைத்திருக்காதீர்கள். ஏற்றத்தில் வண்டியைக் கிளட்ச்சால் தாங்கி நிற்காதீர்கள், ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். ஆட்டோமேட்டிக்கில் நிறுத்தும்போது முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு பார்க்கிங் நிலை. மாற்றிச் செய்தால் வண்டியின் முழுப் பாரமும் கியர்பெட்டிக்குள் இருக்கும் ஒரு சிறு கொக்கியில் தொங்கும். மூடிய ஷெட்டில் எஞ்சினை ஓட விடாதீர்கள்; கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. நிறுத்திய காருக்குள் குழந்தையை ஐந்து நிமிடம்கூடத் தனியாக விடாதீர்கள்.

எச்சரிக்கை விளக்குகள்

மஞ்சள் என்றால் மெக்கானிக்கிடம் சீக்கிரம் காட்டுங்கள், சிவப்பு என்றால் நிறுத்துங்கள். சிவப்பில் மூன்று முக்கியம். எண்ணெய்க் குடுவைப் படம்: ஆயில் அழுத்தம் இல்லை, ஓரங்கட்டி உடனே எஞ்சினை அணையுங்கள். வெப்பமானிப் படம்: எஞ்சின் கொதிக்கிறது. வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி: ஹேண்ட்பிரேக் விடுவித்தபின்னும் எரிந்தால் பிரேக் ஆயில் இறங்கியிருக்கலாம். மஞ்சள் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் அதையும் தள்ளிப்போடாதீர்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குப் போய் அங்கே புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எரித்துவிடும்.

சக்கரம் மாற்றுவது

அவசரத்தில் முதல்முறையாகச் செய்யாதீர்கள். ஒரு விடுமுறை நாளில் வீட்டருகே ஒருமுறை செய்து பாருங்கள்.

1. போக்குவரத்தை விட்டு விலகி, சமமான, கெட்டியான தரையில் நிறுத்துங்கள். கொஞ்ச தூரம் தட்டையான டயரிலேயே ஓட்டிப் போவது, நடுச்சாலையில் உயிரைப் பணயம் வைப்பதைவிட மேல். ஹேசார்ட் விளக்கு, ஹேண்ட்பிரேக், முதல் கியர் அல்லது பார்க்கிங் நிலை. எல்லோரையும் இறக்கிச் சாலையை விட்டுத் தள்ளி நிற்க வையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தைப் பின்னால் நன்கு தள்ளி வையுங்கள்.
2. கழற்றும் சக்கரத்துக்கு மூலைவிட்டத்தில் உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கல் வையுங்கள்.
3. வண்டியைத் தூக்கும் முன்பே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். தூக்கியபின் முயன்றால் சக்கரம் சுழலும், வண்டி ஜாக்கியிலிருந்து நழுவலாம்.
4. கதவுக்குக் கீழே உள்ள விளிம்பில் ஜாக்கிக்கென்று வலுப்படுத்திய இடம் உண்டு. வேறெங்கும் முட்டுக்கொடுத்தால் தகடு நெளியும். டயர் தரையை விட்டுச் சற்று எழும் வரை தூக்குங்கள். ஜாக்கியில் நிற்கும் வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது.
5. நட்டுகளைக் கழற்றிச் சக்கரத்தை எடுங்கள். ஸ்டெப்னியை மாட்டி, நட்டுகளைக் கையால் முடிந்தவரை திருகுங்கள். நட்டின் கூம்புப் பக்கம் சக்கரத்தைப் பார்க்க வேண்டும்.
6. வண்டியை இறக்கியபின் எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். வரிசையாக இறுக்கினால் சக்கரம் கோணலாக அமரும். ஸ்பேனர் மேல் ஏறி மிதிக்காதீர்கள், மரை அறுந்துவிடும்.
7. 50 கி.மீ. ஓடியபின் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி ஒல்லியான தற்காலிக வகை என்றால் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாதீர்கள்.

வழியில் வரும் ஆபத்துகள்

எஞ்சின் கொதித்தால் ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். உங்களுக்குப் புழுக்கமாக இருந்தாலும் எஞ்சினின் வெப்பம் அந்த வழியில் கொஞ்சம் வெளியேறும். ஓரங்கட்டி அணையுங்கள். முக்கால் மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியைத் தொடாதீர்கள். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடும்.

ஓடும்போது டயர் வெடித்தால் ஸ்டீயரிங்கை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து நேராக வையுங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், வண்டி தானாக வேகம் குறைய விட்டு, பிறகு ஓரங்கட்டுங்கள்.

பிரேக் போய்விட்டால் பெடலை வேகமாகப் பலமுறை மிதியுங்கள். பிரேக் குழாய்கள் இரு தனி வழிகளாக அமைந்திருப்பதால் ஒன்று போனாலும் மற்றது பாதி பலமாவது தரலாம். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். கைப்பிடி ஹேண்ட்பிரேக் என்றால் பொத்தானை அழுத்தியபடியே மெல்ல மெல்ல இழுங்கள், ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும். மின் ஹேண்ட்பிரேக் என்றால் பெரும்பாலான வண்டிகளில் பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் வண்டியே சீராக நிற்கும். சாவியை அணைக்காதீர்கள்; ஸ்டீயரிங் கனத்துவிடும், சாவியை உருவினால் பூட்டியும் கொள்ளும்.

ஆக்சிலரேட்டர் சிக்கிக்கொண்டால் நியூட்ரலுக்கு மாற்றி, பிரேக்கை ஒரே மிதியாக மிதித்து நிறுத்துங்கள். எஞ்சின் அலறும், அலறட்டும்.

பேட்டரி தீர்ந்து வேறொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது வரிசைதான் முக்கியம். இரண்டும் 12 வோல்ட்டா என்று பாருங்கள். உங்கள் பேட்டரி வீங்கியோ கசிந்தோ இருந்தால் முயலாதீர்கள். இரு வண்டியும் ஒன்றையொன்று தொடாமல் நின்று, எஞ்சின்கள் அணைந்திருக்க வேண்டும். சிவப்பு ஒயரை முதலில் தீர்ந்த பேட்டரியின் பிளஸ் முனையிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ் முனையிலும் மாட்டுங்கள். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸ் முனையில் மாட்டுங்கள். அதன் மறுமுனையை உங்கள் வண்டியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளியுள்ள பெயின்ட் இல்லாத உலோகப் பாகத்தில் கவ்வ வையுங்கள். கடைசி இணைப்பில் பொறி பறக்கும், பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கலாம். நல்ல வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு உங்களுடையதை ஸ்டார்ட் செய்யுங்கள். ஓடத் தொடங்கியதும் மாட்டிய வரிசைக்கு நேர்மாறாக ஒயர்களைக் கழற்றுங்கள், அரை மணி நேரமாவது வண்டியை ஓட்டிய பிறகே எஞ்சினை அணையுங்கள்.